காட்டு வழியே குன்றின் உச்சிக்கு: முதன்முறை நடப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மரங்களுக்கு இடையே மெல்ல ஏறிச் சென்று, கடைசித் திருப்பத்தில் சட்டென்று வானம் திறக்க, கீழே சமவெளி முழுவதும் விரிந்து கிடப்பதைப் பார்ப்பதற்கு மலையேற்றப் பயிற்சி எதுவும் தேவையில்லை. பொருத்தமான பாதையைத் தேர்ந்தெடுத்து, போதிய நேரம் ஒதுக்கி, நிதானமாக நடந்தால் சிறுவர்களும் முதியவர்களும் அங்கே போய்ச் சேரலாம்; பாதை சரியாக அமைந்துவிட்டால் சக்கர நாற்காலியில் வருபவரும் போய்ச் சேரலாம். ஆனால் 'எளிய பாதை' என்ற சொல்லை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது. நாள்தோறும் ஓடிப் பழகியவருக்கு எளிதாக இருக்கும் வழி, மூட்டு வலி உள்ளவருக்கு அன்றைய நாளையே பாழாக்கிவிடும். உங்களோடு வருபவர்களில் நடப்பதற்கு மிகவும் சிரமப்படுபவர் யார், அவருக்கு இந்தப் பாதை எளிதா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். பாதையைத் தேர்வதும், கிளம்பும் நேரமும், நடையின் வேகமும் அந்த ஒருவரைக் கொண்டே முடிவாக வேண்டும்.

முதலில் பாதையின் கணக்கு

எந்தப் பாதையைப் பற்றியும் இரண்டு எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒருவழித் தொலைவு எவ்வளவு, தொடக்கத்திலிருந்து உச்சி வரை எவ்வளவு உயரம் ஏற வேண்டும். 3 கிலோமீட்டர் தொலைவில் 150 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3,000 மீட்டருக்கு 150 மீட்டர் என்றால் நூற்றுக்கு 5, அதாவது 20 அடி நடந்தால் 1 அடி உயர்கிறோம். பெரும்பாலானவர்கள் மூச்சு வாங்காமல் நடக்கக்கூடிய சாய்வு இது. ஆயினும் சராசரி ஒன்றை மட்டும் பார்த்து மனநிறைவு அடைந்துவிடக் கூடாது. அதே பாதை முதல் 2 கிலோமீட்டரில் 50 மீட்டரும் கடைசி 1 கிலோமீட்டரில் 100 மீட்டரும் ஏறுவதாக இருந்தால், முன்பகுதி சமதளம் போலத் தோன்றி, கடைசிப் பகுதி நூற்றுக்கு 10 என்ற சாய்வில் நிற்கும். களைப்பு தொடங்குகிற நேரத்தில் செங்குத்து வருவதால், புதியவர்கள் பலர் உச்சிக்குச் சற்றுக் கீழேயே உட்கார்ந்துவிடுவது இத்தகைய பாதைகளில்தான்.

இதைப் போகும் முன்பே கண்டுபிடிக்கச் சம உயரக் கோடுகள் போட்ட வரைபடம் உதவும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் அந்தக் கோடுகள் எங்கே நெருங்கி நிற்கின்றனவோ அங்கே நிலம் செங்குத்து. எங்கே விலகி நிற்கின்றனவோ அங்கே சாய்வு மென்மையானது. 1:25,000 அளவுள்ள வரைபடத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 250 மீட்டர். கோட்டுக்குக் கோடு 10 மீட்டர் இடைவெளி உள்ள வரைபடமாக இருந்தால், பாதை 1 செ.மீ. நீளத்துக்குள் ஒரே ஒரு கோட்டைக் கடக்கும்போது சாய்வு நூற்றுக்கு 4; மூன்று கோடுகளைக் கடக்கும்போது நூற்றுக்கு 12. விரலால் பாதையைத் தொட்டுக்கொண்டே கோடுகளை எண்ணிப் போனால், எங்கே நின்று இளைப்பாற வேண்டும் என்பதுகூட வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

நேரத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892-இல் சொன்னது அது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் என்று அதைத் தோராயமாகச் சொல்லலாம். நம் 3 கிலோமீட்டர் பாதைக்கு 36 நிமிடமும் ஏற்றத்துக்கு 15 நிமிடமுமாக 51 நிமிடம் வருகிறது. இது பழகிய கால்களின் வேகம். நிற்பதற்கோ, தண்ணீர் குடிப்பதற்கோ, ஒரு பறவையைப் பார்ப்பதற்கோ இதில் இடமில்லை. புதியவர்களும் சிறுவர்களும் முதியவர்களும் சேர்ந்த குழுவுக்கு இதை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள் என்பது என் அனுபவம். இறங்குவதற்கும் ஏறிய நேரத்தையே ஒதுக்குங்கள். அப்படிப் பார்த்தால் போக ஒன்றே முக்கால் மணி, உச்சியில் ஒரு மணி, திரும்ப ஒன்றே முக்கால் மணி என நாலரை மணி நேரம் ஆகிறது.

இந்தக் கணக்கைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். வெட்டவெளியில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே மரங்களின் அடியில் இருட்டிவிடும் என்பதால், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே காட்டை விட்டு வெளியே வந்துவிடும்படி புறப்படுங்கள். காலைப் பொழுதே நல்லது என்பேன். வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து சூடான காற்று மேலெழுந்து தூசியையும் ஈரத்தையும் கலக்கிவிடுவதால் நண்பகலுக்குப் பின் தொலைவுக் காட்சி மங்கலாகும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை தூசி அடங்கிக் காற்று தெளிந்திருக்கும். அத்தகைய காலையில் உச்சிக்குப் போக வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால்

'சக்கர நாற்காலி செல்லும்' என்று ஒரு பாதையைப் பற்றிச் சொல்லக் கேட்டால், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் முழு வழியையும் துருவிக் கேட்க வேண்டும். நடுவழியில் மூன்றே படிகள் இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. கட்டடங்களில் அமைக்கும் சாய்தளத்துக்குப் பல நாடுகளில் 12-க்கு 1 என்பதே உச்ச அளவு; அதுவும் குறுகிய தூரத்துக்குத்தான், இடையிடையே சமதளம் இருக்க வேண்டும். நீண்ட வழிக்கு 20-க்கு 1 என்ற அளவையே கைகள் தாங்கும். பாதையின் அகலம் 90 செ.மீ. ஆவது இருக்க வேண்டும், திரும்புவதற்கு 1.5 மீட்டர் அளவிலான வெளி அங்கங்கே வேண்டும். விலங்குகளையும் இருசக்கர வண்டிகளையும் தடுக்க நுழைவாயிலில் வைத்திருக்கும் குறுகிய திருப்புக் கதவு, நல்ல பாதை ஒன்றைத் தொடக்கத்திலேயே மூடிவிடுவது உண்டு. ஆகவே வாயிலைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

நடப்பவர்களின் கண்ணில் படாத இன்னொன்று பக்கச் சரிவு. பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் நாற்காலி பள்ளத்தின் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். அதை நேராக வைக்கவே ஒரு கை முழுநேரமும் உழைக்க வேண்டியிருக்கும். நூற்றுக்கு 2-க்கு மேல் பக்கச் சரிவு உள்ள நீண்ட பகுதியைத் தவிர்ப்பது நல்லது. தரையைப் பொறுத்தவரை, இறுக்கி அழுத்திய பொடிக்கல் பாதை நன்றாக உருளும். தளர்ந்த சரளையிலும் மணலிலும் முன்பக்கத்துச் சிறு சக்கரங்கள் புதைந்துவிடும். அப்போது நாற்காலியைப் பின்பக்கமாகச் சற்றே சாய்த்துப் பெரிய சக்கரங்களில் உருட்டிக் கடக்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் துணைக்கு வருபவர் நாற்காலியைத் திருப்பிப் பிடித்து, தாம் பின்னோக்கி நடந்து இறக்குவது பாதுகாப்பானது. இவை எதையும் அமர்ந்திருப்பவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும், அவர் வேண்டாம் என்றால் செய்யக் கூடாது. மின்கல நாற்காலி ஏற்றத்தில் மிகுதியாகச் சக்தியைச் செலவிடும். பாதி மின்னூட்டம் தீர்ந்ததும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிடுங்கள்.

அத்தனை சிரமப்பட்டு மேலே போன பிறகு நேரக்கூடிய ஓர் ஏமாற்றத்தையும் முன்கூட்டியே தவிர்க்கலாம். அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 120 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். காட்சிமுனையில் இடுப்பளவு உயரத்துக்குக் கெட்டியான கைப்பிடிச் சுவர் எழுப்பியிருந்தால், நிற்பவர்கள் பள்ளத்தாக்கைப் பார்க்க, அவருக்குச் சுவரும் வானமும் மட்டுமே தெரியும். கம்பி வேலியாக இருந்தால் இந்தக் குறை இல்லை. அந்த இடத்தின் புகைப்படம் ஒன்றைத் தேடிப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

காலுக்கும் பைக்கும்

காட்டுப் பாதைக்குத் தனிப்பட்ட மலையேற்றக் காலணி கட்டாயமில்லை. அடிப்பகுதியில் ஆழமான வரிப்பள்ளங்கள் உள்ள, ஏற்கெனவே அணிந்து பழகிய ஷூ போதும். புத்தம் புதிய காலணியை முதன்முறையாக அணிந்துகொண்டு இந்த நடைக்கு வர வேண்டாம். விரல் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறங்கும்போது கால் முன்னால் சறுக்குவதால், இடமில்லாத ஷூவில் நகங்கள் இடித்து நீலம் பாரித்துவிடும். முந்தைய நாளே நகங்களை வெட்டிக்கொள்வது இதற்காகத்தான். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும், ஈரத்தோல் எளிதில் கொப்பளிக்கும். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறைகள் மேல். குதிகாலில் சுருக்கென்று சூடு தெரிந்த அந்தக் கணத்திலேயே நின்று, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நடங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நடந்தால் கொப்பளம் நிச்சயம்.

பையில் தண்ணீர்தான் அதிக எடை. ஒரு மணி நேர நடைக்கு ஒருவருக்கு அரை லிட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் இன்னும் கூட்டுங்கள். அதோடு காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலங்கி, கொறிக்க ஏதாவது, பிளாஸ்திரியும் கட்டுத்துணியும் உள்ள சிறு முதலுதவிப் பொதி, அவரவர் அன்றாட மருந்துகள், பகலில் திரும்பிவிடும் திட்டமாக இருந்தாலும் ஒரு டார்ச், ஒரு விசில், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு காலிப் பை ஆகியவை போதும். கைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும்; அடர்ந்த மரங்களின் அடியில் சற்றுத் தள்ளிக் காட்டக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஏற்றம்

முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். உடல் சூடேறி, மூச்சும் இதயத் துடிப்பும் ஏற்றத்துக்குத் தக்கபடி சீராக அந்த நேரம் தேவைப்படுகிறது. தொடக்க உற்சாகத்தில் வேகமாக ஏறியவர்கள்தான் முதல் திருப்பத்திலேயே இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். வேகம் சரிதானா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம்: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அது சரியான வேகம். பாதி வாக்கியத்தில் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள். மார்பில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே உட்கார வேண்டும். பொறுத்துக்கொண்டு நடக்கும் பேச்சே கூடாது.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், முன்னே போனவர்கள் காத்திருந்து இளைப்பாறிவிட்டு, அவர் வந்து சேர்ந்த உடனே கிளம்பிவிடுவார்கள்; ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும். எத்தனையோ குழுக்களில் நான் பார்த்த பிழை இது. அவரே முன்னால் நடந்தால் குழு முழுவதும் அவர் நடைக்குப் பழகிவிடும், அவரும் தாம் மற்றவர்களைத் தாமதப்படுத்துகிறோம் என்று கூச மாட்டார்.

பாதையின் குறுக்கே ஓடும் வேர்களைக் கவனியுங்கள். பலர் மிதித்து மிதித்துப் பட்டை உரிந்து, மஞ்சளாகப் பளபளக்கும் வேர், மழைக்குப் பிறகு கல்லைவிட மோசமாக வழுக்கும். அதன்மேல் காலை வைக்காமல் தாண்டி வையுங்கள். ஈரச் சருகுக்கு அடியில் குழியும் இருக்கலாம், உருளைக் கல்லும் இருக்கலாம் என்பதால் அங்கே பாதம் முழுவதையும் பதித்து மெதுவாக நடக்க வேண்டும். ஏற்றத்தில் பாதை கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து செல்லும் இடத்தில், மேல் வளைவு கைக்கெட்டும் தூரத்தில் தெரிவதால் குறுக்கே ஏறிவிடலாம் என்று தோன்றும். அப்படி ஏறுபவர்களின் தடம் மழைநீருக்கு வாய்க்காலாகி, மண்ணை அரித்து, சில பருவங்களில் பாதையையே சரித்துவிடும். சாய்வைக் குறைத்து உங்களைக் களைப்பில்லாமல் ஏற்றுவதற்காகவே அந்த வளைவுகள் போடப்பட்டிருக்கின்றன. எதிரே இறங்கி வருபவர்கள் ஏறுபவர்களுக்கு வழிவிடுவது பொதுவான மரபு. நாற்காலியில் வருபவர் எந்தத் திசையில் வந்தாலும் அவருக்கே வழி.

உச்சியில்

மேலே வந்ததும் முதலில் செய்ய வேண்டியது மேலங்கியை அணிவது. 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்பதால் 150 மீட்டர் ஏற்றத்தில் 1 டிகிரி மட்டுமே வேறுபாடு. ஆனால் காட்டுக்குள் மரங்கள் தடுத்து வைத்திருந்த காற்று வெட்டவெளியில் நேராக வந்து, வியர்த்த உடலில் படும்போது சில நிமிடங்களில் நடுக்கம் வந்துவிடும். காற்றுக்கு முதுகு காட்டி, விளிம்பிலிருந்து விலகி உட்காருங்கள். படம் எடுப்பவர் கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நகரக் கூடாது. சிறுவர்கள் வேலியின் மேல் ஏறக் கூடாது.

பிறகு அவசரமில்லாமல் பாருங்கள். சுற்றிலும் தடையில்லாத சமவெளியாக இருந்தால், 150 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஏறக்குறைய 44 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் வருகிற கணக்கு இது. அருகிலுள்ள குன்று பச்சையாகவும், அதற்குப் பின்னால் இருப்பது நீலம் கலந்தும், அதற்கும் அப்பால் உள்ளது வானத்தோடு கரையும் வெளிர் நீலமாகவும் தெரியும். இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதால், காற்றின் அடுக்கு கூடக் கூட நீலமும் கூடுகிறது. ஒவ்வொரு முகடும் எந்தச் சாயலில் இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தாலே எது அருகில், எது தொலைவில் என்று சொல்லிவிடலாம். சிறுவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போகும்.

இடி முழங்கினால் காட்சியை மறந்து உடனே இறங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் ஒவ்வொரு 3 வினாடிக்கும் 1 கிலோமீட்டர் என்று கணக்கு. 30 வினாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி முழங்கி 30 நிமிடம் ஆகும் வரை திரும்ப மேலே போகவும் கூடாது.

இறக்கம்

ஏற்றம் முடிந்தால் வேலை முடிந்தது என்று எண்ணுகிற இடத்தில்தான் காயங்கள் நேர்கின்றன. ஏறும்போது மூச்சு களைக்கும்; இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால், களைப்பு வெளியே தெரியாமல் தசைக்குள் சேரும். ஒருமுறை என் அத்தையை இத்தகைய குன்று ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஏறும் வழி முழுவதும் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தவர், இறங்கத் தொடங்கிய கால் மணி நேரத்தில் பேச்சை நிறுத்தினார். பிறகு ஒவ்வோர் அடிக்கும் பக்கத்து மரத்தைத் தேடிப் பிடித்தார். வலிக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்றார். குனிந்து பார்த்தபோது முழங்கால் இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. நேரம் தாராளமாக இருந்ததால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். அன்றிலிருந்து, பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்தினால் உடனே குழுவையும் நிறுத்துவது என் வழக்கம்.

இறங்கும் முன் ஷூ கயிற்றை அவிழ்த்து, கணுக்காலருகே இறுக்கமாகக் கட்டிக்கொள்ளுங்கள். அடிகளைச் சிறிதாக வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கியபடி நடங்கள். குதிகாலை அழுத்திக் கால்களை விறைப்பாக நீட்டி நடந்தால் அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குப் போகும். மூட்டு வலி உள்ளவருக்கு இரண்டு ஊன்றுகோல்கள் பெரிய துணை. சமதளத்தில் முழங்கை செங்கோணமாக மடியும் அளவே கோலின் சரியான நீளம். இறங்கும்போது சற்று நீட்டிக்கொண்டு, காலுக்கு முன்னால் கோலை ஊன்ற வேண்டும்.

வழி தவறியதாகச் சந்தேகம் வந்தால் நடையை நிறுத்துங்கள். உறுதியாகத் தெரிந்த கடைசி இடம் வரை வந்த தடத்திலேயே திரும்பிப் போவது, குறுக்கு வழி தேடுவதைவிட எப்போதும் நல்லது. அதுவும் முடியாவிட்டால் ஓரிடத்தில் எல்லோரும் சேர்ந்து இருந்து, ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் ஆறு முறை ஊதுங்கள். மலைப்பகுதிகளில் இது உதவி கோரும் அடையாளம். நிமிடத்துக்கு மூன்று ஒலி அதற்கான மறுமொழி. பல நாடுகளில் 112 என்ற எண் அவசர உதவிக்குச் செல்லும். நீங்கள் போகும் இடத்தின் எண்ணை முன்பே குறித்துவைத்திருங்கள்.

கீழே வந்ததும் எத்தனை பேர் போனோமோ அத்தனை பேரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள். காலுறையைக் கழற்றி, கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் ஆகியவற்றைச் சோதியுங்கள். உண்ணி கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அட்டைக்கு உப்பும் நெருப்பும் வேண்டாம். அவற்றால் அது வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். நகத்தை அதன் வாய்க்கு அடியில் நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். தொடை வலி அன்றைக்குத் தெரியாமல் அடுத்த ஓரிரு நாட்களில் உச்சத்துக்கு வரும்; படுத்துக் கிடக்காமல் இலேசாக நடந்தால் விரைவில் தணியும். புறப்படும்போது யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களோ, அவரிடம் திரும்பிவிட்டோம் என்பதையும் மறவாமல் சொல்லிவிடுங்கள்.